காலி மூட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள குச்சிக்கு,

உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். ஆனால் உன் நலத்துக்கு என்ன குறை? மேடையில் விழுந்தது நான், கைதட்டல் வாங்கியது நீ.

தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். என்னால் மாடி ஏற முடியாது என்று, கீழே துணி காயப்போடுகிற அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். கட்டிலின் கால் இரண்டாம் நாளே முறிந்தது. அவள் வீட்டுக்காரர் மெத்தையைத் தரையில் போட்டுவிட்டார். போனில் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

மருத்துவரைப் பார்த்தேன். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், இதயம் வீங்கியிருக்கிறதாம். "இந்த எடையோட இன்னும் ஒரு வருஷம் மேடை ஏறினா, உங்களை இறக்க நாலு பேர் வேணும்" என்றார். "அன்னைக்கே ஆறு பேர் வந்தாங்க சார்" என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. எடை பாதியாக வேண்டும், இல்லையென்றால் நான் இருக்கமாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'குச்சியும் மூட்டையும்' என்று முப்பது வருஷமாக ஊர் ஊராக ஆடியிருக்கிறோம். நீ பேசுவாய், என் வயிற்றில் ஓங்கி ஒரு அறை விடுவாய், அரங்கம் அதிரும். என் வாயிலிருந்து வந்த வசனம் மொத்தமே "ஐயோ" ஒன்றுதான். அன்றைக்கு என்னை வேனில் ஏற்றும்போது நீ கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே: "எடையைக் குறைச்சிட்டு வாடா, 'குடை வழக்கு' நாடகத்துல உனக்கு நீதிபதி வேஷம். பேசற வேஷம்." நீ மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். அதை நம்பித்தான் இங்கே வேகவைத்த காயை மென்றுகொண்டிருக்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மூட்டை


பிப்ரவரி 21

டேய் தடியா,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தாவது ஒல்லியாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆறு பேர் தூக்கியதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அதில் விளக்குப் போடுகிறவனுக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை, தினமும் உன்னைத்தான் வாழ்த்துகிறான்.

உன் இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. சோபா கடையில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவன். 'புதுசு' என்று கூப்பிடுகிறோம். உன் கோடு போட்ட கால்சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது, நம் தையல்காரர் ஊசியையே எடுக்கவில்லை. முப்பது வருஷத்து ஆளுக்கு ஒரு வாரத்தில் மாற்று கிடைக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. வருத்தப்படாதே, உலகம் அப்படித்தான்.

ஒரே ஒரு குறை. அவன் வயிற்றில் அறைந்தால் சத்தம் வரவில்லை. ஈரத்துணியில் அடித்த மாதிரி 'சொத்' என்கிறது. உன் வயிற்றில் விட்டால் கடைசி வரிசைவரை கேட்குமே! கை என்னவோ அதே கைதான், இந்தக் கையின் ராசி ஊருக்கே தெரியும். இன்னும் கொஞ்சம் பலமாக அடித்துப் பழக வேண்டும் போலிருக்கிறது. பழகிக்கொண்டிருக்கிறேன். அவன் வயிறு தக்காளி நிறத்தில் இருக்கிறது.

நீதிபதி வேஷம் உனக்குத்தான். உன் அண்ணி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் (அவள் தூங்குகிறாள், அவளுக்குத் தெரியாது). வசனம் இத்தோடு வைத்திருக்கிறேன், மொத்தம் பதினோரு வரி. குடை திருடியவனாக நான் காலில் விழுவேன். கடைசி வரியை நீ கம்பீரமாகச் சொல்ல வேண்டும்: "சரி, இந்த ஒரு தடவை உன்னை மன்னிக்கிறேன், போ." அதற்குத்தான் திரை விழும்.

குறை, ஆனால் குறையாமல் வா.

உன்
குச்சி


ஜூலை 14

அன்புள்ள குச்சிக்கு,

வசனத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஈரத்துணிகளுக்கு நடுவில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். தங்கை வீட்டுக்காரர் திருடனாக வந்து காலில் விழுகிறார், 'மன்னிக்கிறேன், போ' என்று தினமும் அனுப்பிவைக்கிறேன். பாவம், அவருக்கு உன் அளவு கள்ளமுழி வரவில்லை.

எடை இறங்குகிறது. முதலில் முகம் வற்றியது, பிறகு கை. மோதிரம் கைகழுவும் தொட்டியில் தானாகக் கழன்று விழுந்தது. வயிறு மட்டும் முதலாளி மாதிரி கடைசியில்தான் அசைகிறது. இந்த வெயிலிலும் எனக்குக் குளிர்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. எனக்கு உட்காரும் எலும்பு இருப்பதே இத்தனை நாள் தெரியாது.

கொழுப்பெல்லாம் உருகி வியர்வையாகப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். "இல்லைங்க, பெரும்பகுதி மூச்சுலதான் போகுது. நீங்க விடற காத்தோட காத்தாப் போயிடும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். கொழுப்பு தங்கியிருந்த சின்னச் சின்ன அறைகள் இருக்கிறதல்லவா, அவை சாவதில்லையாம். காலியாகிச் சுருங்கி உள்ளேயே உட்கார்ந்திருக்குமாம், மறுபடி எப்போது நிரம்பலாம் என்று. "அதனாலதான் உங்களை விடாம மிரட்டறேன்" என்றார்.

நேற்று மாடிப்படியில் ஏழு படி ஏறினேன். எட்டாவதில் உட்கார்ந்து வசனம் சொன்னேன். தங்கை சமையலறையிலிருந்து கைதட்டினாள்.

உன்
மூட்டை


ஆகஸ்ட் 2

டேய் பாதி மூட்டை,

அப்படியானால் உன் தங்கை குடும்பம் ஆறு மாதமாக உன் கொழுப்பைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறதா? ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல், பிள்ளைகள் ஊதிவிடப் போகிறார்கள். இதை மேடையில் சொன்னேன், நல்ல சிரிப்பு. உன் கடிதத்தால் எனக்கு இப்படியாவது ஒரு பிரயோஜனம்.

இங்கே நிலைமை சரியில்லை. சிமெண்ட் ஆலை ஆண்டு விழாவில் பாதி நாடகத்தில் எழுந்து "எங்கே மூட்டை?" என்று கத்தினார்கள். புதுசு திருதிருவென்று விழிக்கிறான். அறைந்தால் சத்தம் வராமல் அவன் "ஐயோ" என்பது, பஸ்ஸைத் தவறவிட்டவன் சொல்வதுபோல் இருக்கிறது.

ஒரு யோசனை. கை, கால், முகம் எல்லாவற்றையும் குறைத்துக்கொள். வயிற்றை மட்டும் கொஞ்சம் விட்டு வையேன்? மருத்துவருக்கு என்ன தெரியும், அவர் டிக்கெட் விற்றிருக்கிறாரா?

உன்
குச்சி


மார்ச் 9

அன்புள்ள குச்சிக்கு,

உன் யோசனைக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபம் காரணம். இப்போது ஆறிவிட்டது.

வெற்றி. மருத்துவர் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன். இதயம் சொன்னபடி கேட்கிறது, முழங்கால் முனகுவதோடு நிறுத்திக்கொள்கிறது. மாடிக்குப் போய் முதல்முறையாக இந்த வீட்டின் மேல் அறைகளைப் பார்த்தேன்.

இப்போது ஒன்று எழுதப்போகிறேன். இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன், தங்கைக்குக்கூடக் காட்டியதில்லை. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள், ஆனால் கடிதத்தோடு நிறுத்திக்கொள்.

கொழுப்பு போய்விட்டது, தோல் போகவில்லை. வயிறு இருந்த இடத்தில் அது மடிந்து தொடைமேல் விழுகிறது, சமைக்கும்போது முன்னால் கட்டிக்கொள்கிற துணிபோல. கையைத் தூக்கினால் கை முதலில் போகிறது, தோல் பின்னால் வருகிறது. ஒருக்களித்துப் படுத்தால் நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். குளிக்கும்போது மடிப்பைத் தூக்கிப் பிடித்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பவுடர் போட வேண்டும். ஒரு நாள் அசந்தால் புண்தான். கண்ணாடியில் பார்த்தால், என்னைவிடப் பெரிய ஒருவருடைய உடம்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. குண்டாக இருந்தபோது ஒரு நாளும் என் உடம்பைப் பார்த்து நான் கூசியதில்லை. இப்போது கூசுகிறது.

"முப்பது வருஷம் இழுத்துக் கட்டின எலாஸ்டிக் மாதிரிங்க. விட்டா திரும்பச் சுருங்காது. இருபது வயசுன்னா கொஞ்சம் சுருங்கும், உங்க வயசுக்கு வாய்ப்பில்லை" என்றார் மருத்துவர். எடை இன்னும் கொஞ்ச காலம் ஏறாமல் நின்றால், புண் வருவதால் அறுத்து எடுத்துவிடலாமாம். பார்க்கலாம்.

அதற்கு முன்னால் நான் வருகிறேன். நீதிபதியின் அங்கி கழுத்திலிருந்து கால்வரை மூடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தங்கையும் வருகிறாள், முன்வரிசையில் இடம் போடு. அண்ணன் பேசி அவள் பார்த்ததில்லை.

உன்
மூட்டை


ஏப்ரல் 22

என் தங்கமே, என் காலி மூட்டையே,

ஏன்டா சொல்லாமல் கிளம்பிப் போனாய்? நாடகம் முடிந்து உன்னைத் தேடுகிறேன், நீ இல்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் என்றிருந்தேன். இப்போதுதான் தூக்க முடியுமே!

முப்பது வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பு கேட்டிருக்கிறாயா? நீ இரண்டு வரி பேசினாய். நன்றாகவே பேசினாய், குற்றம் சொல்லமாட்டேன், ஆனால் ஜனம் கொட்டாவி விட்டது. நான் உன் காலில் விழுகிற சாக்கில் அங்கியைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். பொத்தான் அத்தனையும் பட்டாசு மாதிரி தெறித்தது! நீ வாயைப் பிளந்துகொண்டு இரண்டு கையாலும் தோலை அள்ளிப் பிடித்தாயே, அது நடிப்பா? எந்த நடிகனுக்கு வரும் அது? நான் உன் வயிற்றுத் தோலைப் பிடித்து உதறி, "நீதிபதி ஐயா, திருடுபோன குடை இதுதானுங்களே!" என்றேன் பார், அந்த நொடியில் வந்ததுதான் அந்த வசனம். நாற்காலியை விட்டு விழுந்தார்கள். முன்வரிசையில் உன் தங்கை மட்டும் எழுந்து வெளியே போனாள், என்ன அவசரமோ.

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன். நாடகத்தின் புதுப் பெயர் 'காலி மூட்டை'. இருபது ஊருக்கு அழைப்பு வந்திருக்கிறது. புதுசு கதவருகில் காவலாளியாக நின்றுகொள்ளட்டும். தோலை அறுக்கிற பேச்சை இந்த வருஷம் எடுக்காதே. அது தோல் இல்லை, தங்கம்.

ஓடி வா.

உன்
குச்சி


மே 3

குச்சி,

எனக்குக் கொடுத்த வரி பதினொன்று. இரண்டு சொன்னேன். மூன்றாவது வரி நாக்கில் இருந்தபோதுதான் நீ இழுத்தாய்.

அது நடிப்பா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. எங்கே ஒளிந்துகொள்வது என்று பார்த்தேன். முப்பது வருஷமாக மேடையில் ஒளிந்துகொள்ள என் உடம்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நீ அந்த நொடியில் வந்தது என்று எழுதியதால் தையல்காரரைக் கேட்டேன். "பொத்தானை ஒத்தை நூல்ல தைக்கச் சொன்னாருங்க. உள்ள சட்டை வேணாம், அங்கி நிக்காதுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னதும் அவர்தான். எனக்கு எதுக்குன்னு தெரியாது அண்ணே" என்றார். அவர் அழுதார். நீ அழுதிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடிதத்தோடு நிறுத்திக்கொள் என்று எழுதியிருந்தேன். உன்னிடம் அதை எழுதியது என் முட்டாள்தனம். தங்கை இதுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. குளியலறையில் புதிதாக ஒரு பவுடர் டப்பா வாங்கி வைத்திருக்கிறாள்.

அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நோட்டீஸை நிறுத்திவிடு.

மூட்டை


மே 12

டேய்,

என்ன திமிர்? நோட்டீஸை நிறுத்து என்று உத்தரவு போடுகிறாய், பதினோரு வரி படித்ததும் நிஜ நீதிபதியாகவே ஆகிவிட்டாயா?

ஆமாம், ஒற்றை நூலில் தைக்கச் சொன்னேன். அதனால் என்ன? முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ இழுக்க விட்டிருப்பாயா? மேடையில் எது விலை போகுமோ அதைத்தான் எடுத்து வைக்க வேண்டும். உன்னிடம் என்ன இருக்கிறது, குரலா? தங்கை கைதட்டினாள் என்பதற்காகக் குரல் வந்துவிடுமா? அன்றைக்கு உன் கொழுப்பு எனக்கு ஆனது, இன்றைக்கு உன் தோல் ஆகிறது. நீ என்றைக்கடா எனக்கு ஆனாய்?

அறுத்துக்கொள். தாராளமாக அறுத்துக்கொள். அறுத்த பிறகு நீ யார் என்று யோசித்துப் பார்த்தாயா? பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவானே, அந்த ஆள். அவனைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? உன்னைத் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்றால், அது நான் அடித்த அடியால். அந்தச் சத்தத்தால்தான் உனக்குப் பெயரே வந்தது. இல்லையென்றால் நீ சோபா தூக்கிக்கொண்டு இருந்திருப்பாய். உன்னால் சோபாவும் தூக்க முடியாது.

சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. புதுசோடு பழைய நாடகத்தையே திரும்ப எடுத்திருக்கிறேன். எவ்வளவு பலமாக அடித்தும் சத்தம் வரமாட்டேன் என்கிறது, கை வீங்கிப்போய் உன் அண்ணிதான் கட்டுப் போடுகிறாள். என் கைக்கு வயசாகிவிட்டதோ என்று முதல்முறையாகப் பயமாக இருக்கிறது. நீ வந்துவிட்டால் அந்தச் சத்தமே வேண்டாம், தோல் போதும்.

வருவாய் என்று தெரியும். உனக்குப் போக வேறு இடம் கிடையாது.

குச்சி


நவம்பர் 17

குச்சி,

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். இடையில் நீ அனுப்பிய தந்திபோல் சுருக்கமான இரண்டு கடிதங்களும் வந்தன. 'எப்போது வருகிறாய்' என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

அறுத்தாகிவிட்டது. ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை தையல். பக்கத்துக்கொன்றாக இரண்டு குழாய் தொங்கவிட்டு நீர் வடிய வைத்தார்கள். கொஞ்ச நாள் நிமிர முடியாமல் கூன் போட்டு நடந்தேன், நீ பார்த்திருந்தால் அதற்கும் ஒரு நாடகம் போட்டிருப்பாய். எடுத்த தோலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நர்ஸ் போனில் படம் காட்டினாள். எஃகுத் தட்டில் மடித்து வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் ஊர் சிரித்ததும் நீ தங்கம் என்று எழுதியதும் அதுதான். தட்டில் பார்க்கும்போது எனக்கும் சரி, நர்ஸுக்கும் சரி, சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமை உன் நாடகத்துக்கு வந்தேன். டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ சொன்னது சரிதான், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் பக்கத்தில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. நீ ஓங்கி அறைந்தாய். 'சொத்.' மறுபடி அறைந்தாய். முன்னால் ஒரு அம்மா "பாவம்டி அந்த ஆளு" என்று பக்கத்திலிருப்பவளிடம் சொன்னாள். சிரிக்க வந்தவர்களைப் பாவம் பார்க்க வைத்துவிட்டாய், குச்சி.

முடிந்த பிறகு பின்பக்கக் குழாயடியில் புதுசு வயிற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். விரல் ஐந்தும் பதிந்திருந்தன. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றான். "உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே சத்தம் வந்துச்சு? அவர் என் மேல கொழுப்பு பத்தலைங்கறார்" என்றான்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் உன்னிடம் இன்னும் முப்பது வருஷம் நிற்பான். "சோபா கடைக்கே போயிடுப்பா" என்றேன். திங்கட்கிழமை போய்விடுகிறேன் என்றான். இந்தக் கடிதம் வரும்போது உனக்கே தெரிந்திருக்கும்.

உன்னிடம் சொல்கிறேன். இனி உனக்கு அடிக்க ஆள் இல்லை, அதனால் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. சத்தம் கொழுப்பில் வருவது கிடையாது, உன் கையில் வருவதும் கிடையாது. நீ கையை ஓங்குவதற்கு ஒரு வார்த்தை முன்னாலேயே நான் மூச்சை இழுத்து, வயிற்றை உள்ளிருந்து மத்தளம்போல் இறுக்கிக்கொள்வேன். பிறகு அரை அடி முன்னால் வருவேன். உன் கை எப்போதும் கோணலாகத்தான் வரும், குச்சி. முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அது எங்கே வந்தாலும் வயிறு போய் அதை நேராக வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு ராத்திரியும் சத்தத்தைப் போட்டது நான். நீ தலைகுனிந்து கைதட்டல் வாங்கினாய். வாங்கிக்கொள்ளட்டும், நண்பன்தானே என்று விட்டுவிட்டேன். தரையில் படுத்துக் காயை மென்ற நாட்களில்கூட உன்னிடம் சொல்லிக் காட்டத் தோன்றவில்லை.

உன் கைக்கு வயசாகவில்லை. அந்தக் கையில் என்றைக்குமே ஒன்றும் இருந்ததில்லை. வீக்கம் வற்றியதும் பார்த்துக்கொள்.

அண்ணிக்கு மட்டும் என் அன்பு. பதில் எழுத வேண்டாம், தங்கை உன் கடிதங்களை இனி வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வசனத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், யாருக்காவது ஆகும். எனக்கு அது வேண்டாம், எல்லாம் மனப்பாடம். நேற்றுகூடத் துணி அறையில் நின்று முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். பத்து வரி தண்ணீராக வருகிறது. நீ காலில் விழுந்த பிறகு நான் சொல்ல வேண்டிய கடைசி வரி மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன்